வரிக்கு மூன்று நாள் லீவு

அமெரிக்காவில் ஆகஸ்ட் பிறந்தால் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று அர்த்தம். பல மாநிலங்களில் அதையொட்டி ஒரு வார இறுதியில் துணிக்கடைகளில் கூட்டம் அள்ளும். கடைக்காரர் விலையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று இல்லை. "இந்த மூன்று நாளைக்குத் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது" என்று மாநில அரசு அறிவித்திருக்கும், அவ்வளவுதான். இதற்குப் பெயர் விற்பனை வரி விடுமுறை. பிள்ளைகளுக்காக அரசு இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். தேடிப் படித்தால் ஆரம்பக் கதையில் பிள்ளைகளே இல்லை.

முதலில் அந்த வரியைப் பற்றி. 1930களின் பெருமந்தத்தில் மாநிலங்களின் கஜானா காலியானபோது வந்தது இந்த விற்பனை வரி. மிசிசிப்பி முன்னோடி. பத்தே ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் போய்விட்டன. சின்னப் பொருளுக்கு வரி ஒரு சென்ட்டுக்கும் குறைவாக வருமே, அதை எப்படி வசூலிப்பது? அதற்காகவே சென்ட்டில் பத்தில் ஒரு பங்கான 'மில்' கணக்கில் வரி வில்லைகள் அச்சடித்தார்கள். மிசௌரியில் முதலில் வந்தவை பால் பாட்டில் மூடி மாதிரியான அட்டை வட்டங்கள்! இன்றைக்கும் அங்கே விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போதுதான் ஏறும். அதனால்தான் 'வரி இல்லை' என்ற சொல்லுக்கு அங்கே அத்தனை மவுசு.

முதல் விடுமுறை துணிக்குக் கூட இல்லை, காருக்கு. 1980-ல் கார் விற்பனை படுத்துவிட்டது. ஒஹாயோவும் மிச்சிகனும் கார் வாங்குவோருக்குக் கொஞ்ச காலம் வரியைத் தள்ளிப் பார்த்தன. அதற்கப்புறம் பல வருடங்கள் யாரும் இதைக் கையில் எடுக்கவில்லை.

துணிக்கு விடுமுறை விட்டது நியூயார்க். காரணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நியூஜெர்சி. அங்கே துணிக்கு விற்பனை வரியே கிடையாது. நியூயார்க் நகரத்தில் மாநில வரி, நகர வரி எல்லாம் சேர்த்து 8.25 சதவீதம். ஜனங்கள் என்ன செய்வார்கள்? பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கினார்கள். நியூயார்க் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில் 1997 ஜனவரி 18 முதல் 24 வரை, 500 டாலருக்குக் குறைந்த துணிக்கு வரி இல்லை என்று அறிவித்தார்கள். கவனியுங்கள், ஜனவரி! பள்ளி திறப்புக்கும் ஜனவரிக்கும் என்ன சம்பந்தம்? அதே வருடம் செப்டம்பரில் இன்னொரு வாரம் விட்டபோதுதான் பள்ளிக்கூடப் பருவம் உள்ளே வந்தது.

அரசியல்வாதிகளுக்கு இது பிடித்துப்போனது. 1998-ல் ஃபுளோரிடா, 1999-ல் டெக்சாஸ், இரண்டுமே ஆகஸ்டில். பிள்ளைகளின் படிப்புச் செலவைக் குறைக்கிறோம் என்று சொன்னால் யார் எதிர்த்து ஓட்டுப் போடுவார்கள்? 2010-ல் 19 மாநிலங்கள் இப்படி லீவு விட்டன.

சரி, வாங்குகிறவருக்கு உண்மையில் எவ்வளவு மிச்சம்? டெக்சாஸ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாநில வரி 6.25, உள்ளூர் வரி அதிகபட்சம் 2, ஆக 8.25 சதவீதம். 20 டாலர் சட்டைக்கு மிச்சம் ஒரு டாலர் 65 சென்ட். 400 டாலருக்குத் துணி எடுத்தால் 33 டாலர். மோசமில்லை. ஆனால் சாதாரணமாக ஒரு கடை 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலே இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம்.

விதிகளைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் அதுவும் கிடைக்காது. ஒவ்வொரு பொருளும் 100 டாலருக்குக் கீழே இருக்கவேண்டும். 99.99 டாலர் ஷூவுக்கு வரி இல்லை. சரியாக 100 டாலர் என்றால் முழுத் தொகைக்கும் வரி, 8 டாலர் 25 சென்ட். ஒரு சென்ட்டில் தலைகீழ்! மொத்த பில் எவ்வளவு போனாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பொருளின் விலையைத்தான் பார்ப்பார்கள். 120 டாலர் ஜோடியைக் காலுக்கு 60 என்று பிரித்து பில் போடவும் முடியாது (யாரோ முயன்றிருப்பார்கள், இல்லாவிட்டால் அப்படி ஒரு விதி எதற்கு?). தபாலில் வரவழைத்தால் அனுப்பும் கட்டணமும் விலையில் சேரும். 95 டாலர் ஜீன்ஸுக்கு 10 டாலர் கூலி சேர்ந்தால் 105, வரி உண்டு. சாதாரண ஓட்ட ஷூவுக்கு விலக்கு, ஆணி வைத்த விளையாட்டு ஷூவுக்கு இல்லை. பெல்ட்டுக்கு விலக்கு, தனியாக வாங்கும் பக்கிளுக்கு இல்லை. கைக்கடிகாரம், குடை எல்லாம் வரிக்குள்தான். பள்ளிப் பையும் எழுதுபொருளும் பின்னால்தான் பட்டியலில் சேர்ந்தன. கையில் காசு இல்லாதவருக்கு ஒரு நல்ல வழி உண்டு. அந்த மூன்று நாளில் முன்பணம் கட்டி ஒதுக்கி வைக்கச் சொல்லி, பிறகு தவணையில் கட்டி எடுத்தாலும் விலக்கு செல்லும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. விட்டுக்கொடுத்த வரி முழுக்க வாங்குகிறவர் கைக்குப் போகிறதா? 2001-ல் ஃபுளோரிடா விடுமுறையின்போது சில ஆய்வாளர்கள் பென்சகோலா கடைகளின் விலைகளைக் குறித்துக்கொண்டு, விடுமுறை இல்லாத பக்கத்து அலபாமா மாநிலத்தின் மொபீல் நகர விலைகளோடு ஒப்பிட்டார்கள். மிச்சத்தில் 20 சதவீதம் வரை கடைகளே விலையில் ஏற்றி எடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது. அந்த ஆய்வில் இருந்த ரிச்சர்ட் ஹாக்கின்ஸ் அதே ஆண்டு ஜான் மைக்செல் என்பவரோடு சேர்ந்து, வரி விடுமுறையை வெறுக்க ஆறு காரணங்கள் என்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எப்படியும் வாங்கப்போகிறவர்கள் நாளை மாற்றி வாங்குகிறார்கள், அவ்வளவுதான் என்பது பொருளாதாரக்காரர்களின் பழைய புகார். நியூயார்க் வரித்துறையின் சொந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. ஆனால் 2017-ல் வந்த ஒரு ஆய்வு, குடும்பங்கள் அந்த நாட்களில் கூடுதலாகவே வாங்குகின்றன, முன்னும் பின்னும் அதற்கு ஈடாகக் குறைவதில்லை என்கிறது. இரண்டில் எது சரியோ, மகிழ்ச்சி கடைக்காரருக்கு என்பதில் சந்தேகமில்லை.

வட கரோலினா 2013-க்குப் பிறகும், ஜார்ஜியா 2016-க்குப் பிறகும் இதை விட்டுவிட்டன. நியூயார்க் இன்னும் நேர்மையான வழிக்குப் போனது. 2000 மார்ச்சிலிருந்து 110 டாலருக்குக் குறைந்த துணிக்கும் காலணிக்கும் வருடம் முழுக்க மாநில வரி விலக்கு. நடுவில் கஜானா இளைத்தபோதெல்லாம் நிறுத்தினார்கள், குறைத்தார்கள். 2012 ஏப்ரலில் அதே 110-க்குத் திரும்பினார்கள்.

இந்த மூன்று நாள் ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதது அதன் தேதிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவருக்குச் சம்பள நாள் அடுத்த வெள்ளிக்கிழமை என்றால் விடுமுறை போயே போய்விட்டது. கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் வட்டி கட்டினால் மிச்சமான 33 டாலர் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஃபுளோரிடா 2025-ல் சட்டத்தையே மாற்றி ஆகஸ்ட் மாதம் முழுவதையும் நிரந்தர விடுமுறையாக்கிவிட்டது. 31 நாள் என்றால் எப்படிப் பார்த்தாலும் இரண்டு சம்பளம் உள்ளே விழும்.