சம்பந்தன் என்னும் பெயருடையோர்

சம்பந்தன் என்பது தமிழ்ச் சைவக் குடும்பங்களில் ஆண்களுக்கு இடப்படும் பெயர். திருஞானசம்பந்தன், ஞானசம்பந்தன், சம்பந்தம், சம்பந்த என்னும் முன்னொட்டுடைய பெயர்கள் எல்லாம் இதன் வடிவங்கள். மலேசியாவில், குறிப்பாகப் பேரா மாநிலத்தில், இந்தப் பெயரைச் சொன்னதும் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனே நினைவுக்கு வருவார். இலங்கையில் அது திருகோணமலை இரா. சம்பந்தனைக் குறிக்கும். சென்னையின் நாடக வரலாற்றில் பம்மல் சம்பந்த முதலியாரையும், ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் சம்பந்தன் என்ற ஒற்றைப் பெயரில் எழுதியவரையும் குறிக்கும். இவர்கள் வாழ்ந்த காலமும் நாடும் தொழிலும் வேறு. பெயரின் மூலம் ஒன்றே.

அந்த மூலம் ஏழாம் நூற்றாண்டில் சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர். தேவாரம் பாடிய மூவருள் ஒருவரான அவருடைய பதிகங்கள் பன்னிரு திருமுறைகளில் முதல் மூன்றாக வகுக்கப்பட்டுள்ளன. திருநாவுக்கரசரின் சமகாலத்தவர். மதுரையில் சமணத்தைச் சார்ந்திருந்த பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பியவர் என்றும், பதினாறாம் வயதில் நல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமணத்தன்றே இறைவனடி சேர்ந்தவர் என்றும் பெரியபுராண மரபு கூறுகிறது. வைகாசி மூலம் அவருடைய குருபூசை நாள். ஓதுவார்கள் தேவாரம் பாடும் கோயில்கள் எங்கெல்லாம் எழுந்தனவோ அங்கெல்லாம் இந்தப் பெயரும் சென்றது. தோட்டத் தொழிலாளர்களோடும் செட்டியார்களோடும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களோடும் அது மலாயாவுக்குக் கப்பலேறியதும் அவ்வாறே.

ஒரே பெயரால் வரும் குழப்பம் சைவ இலக்கியத்துக்குள்ளேயே பழமையானது. சந்தானக் குரவர் நால்வருள் ஒருவரும் உமாபதி சிவாசாரியாரின் ஆசிரியருமானவர் மறைஞானசம்பந்தர். அதே பெயருடைய இன்னொருவர் பதினாறாம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் வாழ்ந்து சைவசமயநெறி, கமலாலயச் சிறப்பு முதலிய நூல்களை இயற்றினார். பிற்காலத்தார் அவரைக் கண்கட்டி மறைஞானசம்பந்தர் என்று பிரித்து வழங்கினர். தருமபுரம் ஆதீனத்தை நிறுவியவர் குருஞானசம்பந்தர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த அவரும் பதினாறாம் நூற்றாண்டினரே. சிவபோகசாரம், சொக்கநாத வெண்பா ஆகியவை அவருடைய நூல்கள். ஆக, திரு, மறை, குரு என்னும் முன்னொட்டுகளே இவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காட்டுகின்றன. தருமபுரம், மதுரை ஆதீனங்களின் தலைவர்கள் இன்றளவும் ஞானசம்பந்த என்னும் சொல்லைப் பட்டப்பெயரில் தாங்கி வருவதால், ஆதீன வரலாறு எழுதுவோர் பட்டத்தையும் சொந்தப் பெயரையும் சேர்த்தே குறிப்பது வழக்கம்.

பம்மல் சம்பந்த முதலியார்

பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார் (1873–1964) தமிழ் மேடை நாடகத்துக்குப் புதுவடிவம் தந்தவர். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிச் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். நாடகம் கற்றவர்களுக்கு ஏற்ற தொழிலல்ல என்று கருதப்பட்ட காலத்தில், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வழக்கறிஞர்களையும் அரசு அலுவலர்களையும் வேடம் கட்ட வைத்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். பாட்டுகளால் நிறைந்திருந்த மேடையில் உரைநடைப் பேச்சுக்கு இடம் கிடைத்ததில் அவருடைய பங்கு பெரிது. அவருடைய சபாபதி 1941இலும், மனோகரா 1954இலும் திரைப்படங்களாக வந்தன. நாடக மேடை நினைவுகள் என்ற அவருடைய தன்வரலாறு அக்கால நாடக உலகை அறிய இன்றும் முதன்மையான சான்று. 1959இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

துன் வீ. தி. சம்பந்தன்

மலேசியச் சம்பந்தனின் முழுப்பெயர் திருஞானசம்பந்தன். வீ என்பது தந்தை வீராசாமியையும், தி என்பது பெயரின் முற்பகுதியான திருஞான என்பதையும் குறிக்கும். இவ்வகையில் நாயனாரான திருஞானசம்பந்தரின் முழுப்பெயரையே தாங்கியவர் அவர். 1919 ஜூன் 16ஆம் நாள் பேராவின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை 1896இல் தமிழகத்திலிருந்து மலாயா வந்து, உழைத்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். கோலகங்சாரில் உள்ள கிளிஃபர்ட் பள்ளியில் படித்த சம்பந்தன், மேற்படிப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். சம்பந்தர் பிறந்த சீர்காழி அங்கிருந்து சிறு தொலைவே. இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்திலிருந்த காலத்தில் அங்கே மாணவராக இருந்தது அவருடைய பொதுவாழ்வுக்குப் பயிற்சியாக அமைந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் திரும்பிய அவர், கல்வியில் முதலில் கை வைத்தார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் எழுந்தது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் ஓரத்தில் ஒற்றைக் கொட்டகையில் தோட்டப் பள்ளிகள் நடந்துவந்த காலத்தில், ஊர் நடுவே முறையான கட்டடத்தோடு தமிழ்ப்பள்ளி ஒன்று அமைந்ததன் பொருளை அந்த வட்டாரத்தார் நன்கு அறிவர். 1955 மே மாதம் மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னோடியான மலாயா இந்தியர் காங்கிரசுக்குத் தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத்தேர்தலில் அக்கட்சி இடம்பெற்ற கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. சம்பந்தன் வடகிந்தாத் தொகுதியில் வெற்றி பெற்றுத் துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி மற்றும் அஞ்சல் தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை ஆகிய துறைகளை வகித்தார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். 1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். வீ. மாணிக்கவாசகம் அப்பொறுப்பை ஏற்றார்.

அமைச்சுப் பதவிகளைவிடக் கனமானது அவருடைய கூட்டுறவுப் பணி. மலாயா விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று தமிழ் ஏடுகள் எழுதிய இந்த நடவடிக்கையால், பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் வேலையையும் குடியிருந்த லயத்தையும் இழந்தன. மருத்துவமனை, பள்ளி, கோயில் எல்லாம் தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்தே இருந்ததால் அவையும் கைவிட்டுப் போயின. குடியுரிமைத் தாள்கள் இல்லாத பலருக்கு வேறு வேலை கிடைப்பதும் அரிதாயிற்று.

இதற்கு விடையாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறு தவணைகளில் பங்குப் பணம் கட்ட, சேர்ந்த தொகையைக் கொண்டு விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாடாமல் முழுதாக வாங்குவதே திட்டம். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களங்களிலும் கோயில் முன்றில்களிலும் பேசி உறுப்பினர் சேர்த்தார். கூலியாக இருந்தவர் தாம் மரம் சீவும் நிலத்தில் பங்குதாரராகலாம் என்ற எண்ணம் அன்றைய மலாயாவில் புதியது. அந்தச் சங்கம் இன்றும் இயங்கிவருவது, துண்டாடலின் வேகத்தை முழுதும் தடுக்க அதனால் முடியவில்லை என்ற உண்மையோடு சேர்த்து மதிக்கத்தக்கது. சம்பந்தன் 1979 மே 18இல் காலமானார்.

இரா. சம்பந்தன்

இராஜவரோதயம் சம்பந்தன் (1933–2024) இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர், வழக்கறிஞர். அவருடைய ஊரான திருகோணமலை, திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். ஈழத்தில் சம்பந்தரின் பதிகம் பெற்ற மற்றொரு தலம் திருக்கேதீச்சரம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் திருகோணமலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1983இல் பிரிவினைக்கு எதிரான ஆறாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி உறுதிமொழி எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் இடங்களை இழந்தபோது அவரும் இழந்தார். 2001 முதல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை வழிநடத்தினார். 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அ. அமிர்தலிங்கத்துக்குப் பின் அப்பதவிக்கு வந்த தமிழர் அவர். 2024 ஜூன் 30இல் கொழும்பில் காலமானார்.

இரு அரசியல் சம்பந்தன்களையும் ஒப்பிடுவது பயனுள்ளது. இருவரும் பல இனம் வாழும் நாடுகளில் எண்ணிக்கையில் சிறிய மக்களுக்காகப் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்கள். மலேசியச் சம்பந்தன் ஆளும் கூட்டணிக்குள்ளிருந்து கேட்டார். இலங்கைச் சம்பந்தன் பெரும்பாலும் எதிர்வரிசையிலிருந்து கேட்டார். முன்னவர் காலத்துத் தலையாய சிக்கல்கள் தோட்டமும் குடியுரிமையும். பின்னவருடையவை அதிகாரப் பகிர்வும் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய நிலமும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர் கொள்கையை மற்றவர்மேல் ஏற்றிப் படிப்பது தவறு.

எழுத்தாளர்களும் அறிஞர்களும்

ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளாக இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரைத் திறனாய்வாளர்கள் சேர்த்துச் சொல்வது மரபு. இந்தச் சம்பந்தனின் இயற்பெயரும் திருஞானசம்பந்தன்தான். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அவர் 1930களில் எழுத வந்து, சென்னைக் கலைமகள் இதழ் வழியாகத் தமிழக வாசகர்களுக்கும் அறிமுகமானார். முதலெழுத்து எதுவுமின்றி ஒற்றைப் பெயரிலேயே எழுதியதால், நூலடைவுகளில் பிறரோடு கலந்துவிடும் வாய்ப்பு இவருக்கே மிகுதி.

அ. ச. ஞானசம்பந்தன் (1916–2002) கம்பராமாயணத்திலும் பெரியபுராணத்திலும் ஆழ்ந்த அறிஞர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அ.ச.ஞா. என்று மூன்றெழுத்தாலேயே அறியப்பட்டார். கம்பன்: புதிய பார்வை என்ற நூலுக்கு 1985இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கு. ஞானசம்பந்தன் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். நகைச்சுவைப் பேச்சாலும் பட்டிமன்றங்களாலும் தமிழுலகெங்கும் அறியப்பட்ட அவர், விருமாண்டி (2004) உள்ளிட்ட திரைப்படங்களிலும் நடித்துள்ளார். இருவரும் தமிழ்ப் பேராசிரியர்கள், இருவரும் மேடைப் பேச்சாளர்கள் என்பதால், பழைய ஒலிப்பதிவுகளில் முதலெழுத்து விடுபட்டால் இனங்காண்பது கடினம்.

பெயர் வேறுபடுத்தும் முறைகள்

ஒரே பெயருடையோரைப் பிரித்தறியத் தமிழகத்திலும் இலங்கையிலும் தந்தை பெயரின் முதலெழுத்து பயன்படுகிறது. பம்மல் போன்ற ஊர்ப்பெயரும் இதே வேலையைச் செய்யும். மலேசியாவில் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் மகனுக்கு அ/லெ, மகளுக்கு அ/பெ என்று குறித்து, அதன்பின் தந்தையின் பெயர் முழுவதும் எழுதப்படும். அதனால் வீ. தி. சம்பந்தன் என்ற வடிவம் பழைய முறைக்கும், சம்பந்தன் அ/லெ வீராசாமி என்ற வடிவம் மலேசியப் பதிவு முறைக்கும் உரியவை. இரண்டும் ஒருவரையே குறிக்கும். இன்று வாழும் ஒரே பெயருடையோரிடையே மேலும் ஐயமிருந்தால் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் தீர்த்து வைக்கும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். பேராவுக்கு 08.

ரோமன் எழுத்தில் பெயரைப் பதிவதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பதிவு அலுவலர் காதில் விழுந்தபடி எழுதியதால், அண்ணன் பெயரில் வரும் தந்தை பெயரும் தம்பி பெயரில் வரும் தந்தை பெயரும் வேறு வேறு எழுத்துக்கூட்டில் அமைந்த குடும்பங்கள் மலேசியாவில் ஏராளம். தேடுபவர் ஒரே எழுத்துக்கூட்டை நம்பினால் பாதிப் பதிவுகள் தப்பிவிடும்.

லகாட், மெங்லெம்பு, பத்துகாஜா என்று நீளும் கிந்தா வட்டாரத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் தாள் தேவைப்படாத வழி ஒன்று இருந்தது. பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது ஒரே பெயருக்கு இருவர் குரல் கொடுத்தால், பெரிய, சின்ன என்றோ, கறுப்பு, நெட்டை என்றோ அடைமொழி சேரும். சில வேளை லயத்தின் பெயரோ வந்த ஊரின் பெயரோ ஒட்டிக்கொள்ளும். தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எண் இருக்கும், வாய்வழக்கில் அடைமொழி இருக்கும். தோட்டங்கள் மறைந்து, மக்கள் ஈப்போ புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும் முதியோர் அந்த அடைமொழிகளாலேயே ஒருவரையொருவர் குறிப்பிடுகின்றனர். குடும்ப வரலாறு தொகுப்போருக்கு இவை பதிவேடுகளில் கிடைக்காத துணை.

இடப்பெயர்கள்

மலேசியாவில் சம்பந்தன் என்பது ஆட்பெயராக மட்டும் நிற்கவில்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் முதன்மைச் சாலை ஜாலான் துன் சம்பந்தன். அங்குள்ள மோனோரயில் நிலையமும் அதே பெயருடையது. நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன். தமிழ்ப்பள்ளிகள் சிலவும் அப்பெயரில் இயங்குகின்றன. ஈப்போ பழைய நகரில் முன்பு ஹேல் தெரு எனப்பட்டதும் இப்போது ஜாலான் துன் சம்பந்தனே. எனவே மலேசியச் செய்தி ஒன்றில் துன் சம்பந்தன் என்று வரும்போது அது மனிதரா, சாலையா, பள்ளியா, எந்த ஊருடையது என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்யவேண்டும். துன் என்னும் உயர் விருதுப் பட்டம் முன்னால் வந்தால் குறைந்தது ஒன்று உறுதி: அந்தப் பெயருக்குரியவர் சீர்காழியையோ திருகோணமலையையோ பம்மலையோ சேர்ந்தவரல்லர், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர்.