கல்லடிப் பாலமும் அல்ஜப்ர் கணக்கும்

எங்கட மேடைகளில் அல்-குவாரிஸ்மியின் பெயர் தவறாமல் வரும். அவருடைய நூலில் என்ன இருக்கிறது என்று சொல்பவரைத்தான் நான் கண்டது குறைவு. கலீபா மஃமூன் காலத்தில், கி.பி. 820 அளவில், பக்தாதில் எழுதப்பட்ட அந்த அல்ஜப்ர் நூலில் ஏறக்குறையப் பாதி வஸிய்யத், வாரிசுப் பங்குக் கணக்குகள். வியாபாரத்துக்கும் காணி அளக்கவும் வாய்க்கால் வெட்டவும் இது உதவும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். தெரியாத அளவுக்கு ‘ஷைஉ’, அதாவது ‘பொருள்’ என்று பெயர் வைத்துத் தேடுவது அவர் முறை. அவருக்குப் பின், அல்ஜப்ரில் ‘அல்-ஃபக்ரி’ எழுதிய அல்-கரஜி, நிலத்தடி நீரை வெளியே கொண்டு வருவது பற்றியும் தனி நூல் எழுதினார்.

கல்லடிப் பாலத்துக்கு வருவோம். ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயர் தாங்கிய அந்தப் பழைய இரும்புப் பாலத்தில் ஒற்றை வழிதான். காத்தான்குடியிலிருந்து பட்டினம் போனவர்கள் எதிர்ப்பக்க வாகனங்கள் கடக்கும்வரை காத்து நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் புதுப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது.

உதாரணத்துக்கு, இரண்டு தூண்களில் தங்கும் 40 மீற்றர் துண்டு ஒன்றில், ஒரு முனையிலிருந்து 10 மீற்றரில் 12 தொன் லொறி நிற்கிறது. தூரத்துத் தூண் தாங்கும் பாரம்தான் ‘ஷைஉ’. அதை 40ஆல் பெருக்கினால் 12 × 10 வரவேண்டும். விடை 3 தொன். மிச்சம் 9 கிட்டத் தூணுக்கு. லொறி நகர நகர விடை மாறும். கூடிய பாரம் எதுவோ அதற்கே தூணைக் கட்டவேண்டும்.

லொறியின் நிறையை நிறுத்துப் பார்க்கலாம். வாவியில் வரப்போகிற வெள்ளத்தை எப்படி நிறுப்பது? அங்கேதான் புள்ளிவிபரம் வருகிறது. நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த எமில் ஜூலியஸ் கும்பெல், ஆண்டுதோறும் பதிவான உச்ச வெள்ளங்களிலிருந்து இன்ன அளவு வெள்ளம் சராசரியாக எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று கணிக்கும் முறையை 1941இல் வெளியிட்டார்.

‘நூறு வருஷ வெள்ளம்’ ஒருக்கா வந்தால் இனி நூறு வருஷத்துக்குப் பயமில்லை என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு வருடமும் 100இல் 1 வாய்ப்பு என்பதே அதன் பொருள். ஒரு வருடம் தப்பும் வாய்ப்பு 0.99. அதை 50 தடவை பெருக்கினால் 0.605. ஆக, 50 வருடத்துக்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு 39.5 சதவீதம், 100 வருடத்தில் 63. மட்டக்களப்பில் 2011 ஜனவரியில் வடிந்த வெள்ளம் பெப்ரவரியில் திரும்ப வந்ததே!

பதிவு இல்லாவிட்டால் இந்தக் கணக்கும் இல்லை. வாவிக்கரையை நிரப்பி வீடு கட்டுகிற நாம், ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பள்ளிவாசல் சுவரில் ஒரு கோடு போட்டு, ஆண்டையும் எழுதி வைக்கலாம்; பெயின்ற் ஒரு டப்பா போதும்.