கலிபோர்னியாச் சமுதாயக் கல்லூரிகளில் நாடகம், கற்றல் திறன், தொழில்நுட்பம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உயர்கல்வி யாருக்கு உரியது என்னும் வினாவிற்கு அமெரிக்கா அளித்த விடைகளுள் ஒன்று சமுதாயக் கல்லூரி ஆகும். ஈராண்டுப் படிப்பை வழங்கும் இந்நிறுவனம் கலிபோர்னியா மாநிலத்தில் பெருவளர்ச்சி கண்டது. அங்குக் கற்பிக்கப்பெறும் நாடகம், கற்றல் திறன், தொழில்நுட்பம் ஆகிய மூவகைப் பாடங்களும் ஒரே கொள்கையின்கீழ்த் தோன்றியும் வெவ்வேறு முடிவுகளை எய்தின. அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறந்த வாயில்

கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் கல்லூரியின் முதலிரு ஆண்டுப் பாடங்களைக் கற்பிக்க 1907ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இதன் பயனாக 1910இல் பிரெஸ்னோ நகரில் முதல் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது. 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி மாணவருள் முதல் 12.5 விழுக்காட்டினரைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் முதல் 33.3 விழுக்காட்டினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியோராக வகுத்தது. பயன்பெறும் ஆற்றலுடைய ஏனைய அனைவருக்கும் சமுதாயக் கல்லூரியின் வாயில் திறந்திருந்தது. 1984 வரை இங்குக் கல்விக் கட்டணம் இல்லை.

நாடகம்

1929இல் தோன்றிய லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கல்லூரி நாடகப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. ஹேவர்டு நகரின் சாபோ கல்லூரியில் 1970களில் பயின்ற நடிகர் டாம் ஹாங்க்ஸ், தம் வாழ்வின் அடித்தளமாக அக்கல்லூரியைக் குறிப்பிட்டு 2015இல் நாளிதழ்க் கட்டுரை ஒன்றை எழுதினார். நாடக நூல்களைப் படித்தபின் அரங்கிற்குச் சென்று அவற்றைக் காணும் பாடம் ஒன்று அவர் அங்குப் பயின்றவற்றுள் அடங்கும்.

நடிப்பு ஒருமுறை படித்து முடிக்கும் பாடம் அன்று. ஒவ்வொரு மேடையேற்றமும் புதிய பயிற்சியாகும். ஆகவே மாணவர் ஒரே வகுப்பில் மீண்டும் மீண்டும் சேர்வது இயல்பாக இருந்தது. நிதி நெருக்கடிக்குப்பின், 2013 இலையுதிர் பருவம் முதல் இவ்வாறு மீளச் சேர்வது கட்டுப்படுத்தப்பெற்றது. தொடர்புடைய பாடத் தொகுதி ஒன்றில் நான்கு முறைக்கு மேல் சேர இயலாது என்னும் நிலை உருவானது. பட்டத்தை நோக்கிச் செல்லும் இளைஞருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பது அரசின் வாதம். அரங்கைத் தம் ஊரின் பொதுவிடமாகக் கருதி வந்த முதியோருக்கு இதுவே இழப்பாயிற்று.

கற்றல் திறன்

அனைவரையும் சேர்க்கும் கல்லூரி, ஆயத்தமின்றி வருவோரையும் சேர்க்கிறது. எனவே வாசிப்பு, குறிப்பெடுத்தல், நேர மேலாண்மை, அடிப்படைக் கணிதம் ஆகியவை பாடங்களாயின. ஆயினும் தகுதித் தேர்வின் அடிப்படையில் கீழ்நிலை வகுப்பில் இடப்பெற்றோர் பலர், பட்டத்திற்குக் கணக்கில் கொள்ளப்படாத பாடங்களிலேயே பருவங்களைக் கழித்து விலகினர். உதவிக்காக அமைந்த ஏணியே தடையாக மாறியது.

இதனைச் சீர்செய்ய 2017இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களைக் கொண்டு மாணவரை வகைப்படுத்தி, ஓராண்டிற்குள் பல்கலைக்கழக நிலையிலான ஆங்கிலத்தையும் கணிதத்தையும் முடிக்கும் வாய்ப்பை உயர்த்துமாறு அது பணித்தது. கற்றல் திறன் பயிற்சி தனிப்பாடம் என்னும் நிலையிலிருந்து, முதன்மைப் பாடத்துடன் இணைந்த துணைவகுப்பாகப் பெரிதும் மாறியது.

தொழில்நுட்பம்

தொழில்நுட்பத்திற்கு அரசின் ஆதரவு தொடர்ந்து கிடைத்தது. 1976இல் ஆரஞ்சு மாவட்டத்தில் தோன்றிய கோஸ்ட்லைன் கல்லூரி, ஒற்றை வளாகத்தில் அடங்காது தொலைக்காட்சி வழியாகவும் பாடங்களை வழங்கியது. 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், ஈராண்டுக் கல்லூரிகளில் உயர்தொழில்நுட்பப் பணியாளரை உருவாக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக நிதியளித்தது. 2019இல் கால்பிரைட் என்னும் முழு இணையவழிக் கல்லூரி மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. வேலைவாய்ப்பு என்னும் அளவுகோலால் பயனை எளிதில் காட்ட இயல்வதே இவ்வாதரவின் காரணம் எனலாம்.

முடிவுரை

மூவகைப் பாடங்களின் வரலாற்றையும் ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. 1960இல் 'பயன்பெறும் ஆற்றல்' சேர்க்கையின் அளவுகோலாக இருந்தது. பின்னர்ப் 'படித்து முடித்தல்' வெற்றியின் அளவுகோலாயிற்று. இம்மாற்றம் கற்றல் திறன் வகுப்புகளில் தேங்கியோரை விடுவித்தது, தொழில்நுட்பத்தை வளர்த்தது, முடிவில்லாப் பயிற்சியாகிய நாடகத்தைச் சுருக்கியது. ஒரே சீர்திருத்தம் ஒருசாராருக்கு வாயிலாகவும் மற்றொரு சாராருக்குச் சுவராகவும் அமைந்தது. சமுதாயக் கல்லூரி என்னும் பெயரில் உள்ள 'சமுதாயம்' பட்டம் பெறுவோரை மட்டும் குறிக்குமா, ஊர் முழுவதையும் குறிக்குமா என்பதே இவ்வரலாறு விட்டுச்செல்லும் வினாவாகும்.