உரையில்லாத மூலம்

மூலம் மட்டும் எஞ்சி, உரை அழிந்துபோன நூலொன்று கைக்கு வருவது இலக்கிய மாணவர்களாகிய நமக்குப் பழகிய துயரம். சொல் இருக்கும், அது ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. இதே துயரம் தொழிற்சாலைகளின் இரும்புப் பெட்டிகளுக்குள்ளும் உண்டு.

1960களின் அமெரிக்கக் கார் ஆலைகளை எண்ணிப் பார்ப்போம். எந்த இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவை ரிலே எனப்படும் மின்காந்த விசைகள். நூற்றுக்கணக்கான ரிலேக்கள் சுவர் முழுக்க நின்ற பெட்டிகளில் கம்பிகளால் பின்னப்பட்டிருந்தன. காரின் வடிவம் மாறினால் பின்னலும் மாற வேண்டும். அவிழ்த்துக் கட்டுவதற்கான செலவைவிட அந்தப் பெட்டிகளைத் தூக்கி எறிவது சில வேளைகளில் மலிவாக இருந்தது.

1968-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாடிக் பிரிவு இதற்கு மாற்றுக் கேட்டது. ஆலைக்குள்ளேயே எளிதில் மாற்றி எழுதக்கூடியதாக, ரிலேப் பெட்டியைவிடச் சிறியதாக, விலையில் அதனோடு போட்டியிடக் கூடியதாக ஒரு கருவி வேண்டும் என்பது கோரிக்கை. மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் முன்வைத்த திட்டம் தேர்வு பெற்றது. டிக் மார்லியும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய அக்கருவி, அந்நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் 084 என்றே பெயர் பெற்றது. அதை விற்கத் தொடங்கிய நிறுவனத்துக்கு மோடிகான் என்று பெயர்.

இவ்வரலாற்றில் நம்மை ஈர்ப்பது கருவியைவிட அதன் மொழியே. மின்பணியாளர்கள் ரிலே இணைப்புகளை வரைந்து பழகிய ஏணிப் படத்தையே நிரலின் எழுத்துமுறையாகக் கொண்டார்கள். இருபுறமும் இரு செங்குத்துக் கோடுகள், நடுவே படிகள், ஒவ்வொரு படியும் ஒரு நிபந்தனை. கணினி கற்காதவரும் அதை வாசிக்க முடிந்தது. கம்பி போயிற்று, கம்பியின் இலக்கணம் எஞ்சியது.

ஆயினும் இலக்கணம் ஒன்றாக இருந்தும் நடை வேறாயிற்று. ரிலேப் பெட்டியில் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும். புதிய கருவியோ உள்ளீடுகளைப் படித்து, நிரலை மேலிருந்து கீழாக நிறைவேற்றி, வெளியீடுகளை எழுதி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். எனவே படிகளின் வரிசைக்கும் பொருள் வந்துவிட்டது. சுழற்சிகளை எண்ணியே காலத்தை அளந்த பழைய நிரலை வேகமான செயலியில் அப்படியே ஏற்றினால், இரண்டு விநாடிக் காத்திருப்பு அரை விநாடியாகச் சுருங்கிவிடலாம்.

ஒரு தலைமுறைக் கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இச்சிக்கல் பன்மடங்காகிறது. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1979-இல் எஸ்-5 வரிசையையும், 1990களின் நடுவில் எஸ்-7 வரிசையையும் வெளியிட்டது. பழைய நிரலைப் புதியதாக்கும் மாற்றிகள் உண்டு. ஆனால் எஸ்-5 தன் தரவுத் தொகுதிகளைச் சொல் கணக்கில் எண்ணியது. எஸ்-7 பைட் கணக்கில் எண்ணுகிறது. அங்கே 10-ஆம் எண்ணுடைய சொல் இங்கே 20 என்று தொடங்கும். நேரான முகவரிகளை மாற்றி இரட்டித்துவிடும். நினைவகத்தின் இருப்பிடத்தை நேரடியாகத் தொடும் கட்டளைகளை அதனால் பெயர்க்க முடியாது. அவற்றை மனிதர்தாம் உட்கார்ந்து எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எஸ்-5 கருவியின் நினைவகத்தில் கட்டளைகள் மட்டுமே இருந்தன. குறிப்புகளும் பெயர்களும் நிரல் எழுதியவரின் வட்டில் தங்கிவிட்டன. வட்டு தொலைந்தால் ஆலையில் மிஞ்சுவது எண்கள்தாம். ‘எண்ணெய் அழுத்தம் போதும்’ என்று பெயரிட்டிருந்த இடத்தில் வெறும் முகவரி நிற்கும். மூலம் உண்டு, உரை இல்லை.

இங்கே தொடங்குகிறது அறம். அத்தகைய நிரலில் காரணம் சொல்லாத இரண்டு விநாடிக் காத்திருப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது என்றோ கழற்றி எறியப்பட்ட பழைய வால்வுக்காக வைத்ததாக இருக்கலாம். தொழிலாளி கையை வெளியே எடுக்கும்வரை அச்சு இறங்காதிருக்க வைத்ததாகவும் இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. வேகம் வேண்டும் என்று அதை நீக்குபவர் எதை நீக்குகிறார் என்று அறியாமலே நீக்குகிறார். பொருள் விளங்காத அடியை இடைச்செருகல் என்று தள்ளிவிடும் பதிப்பாசிரியரின் அவசரம் இது. விலை மட்டும் வேறு.

அப்படியானால் பழையதை விட்டுவைக்கலாமா? அதுவும் முடியாது. உதிரிப் பாகம் கிடைக்காத நாளில் முழு ஆலையும் நிற்கும். மேலும் 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், சீமென்ஸ் எஸ்-7 கருவிகளின் நிரலையே கள்ளமாக மாற்றியபோது, இவற்றுக்கும் பூட்டு வேண்டும் என்பது உலகுக்கு உறைத்தது.

பொதுமொழிக்கான முயற்சியும் நடந்தது. 1993-இல் வெளியான பன்னாட்டுத் தரம், இன்று ஐ.இ.சி. 61131-3 என வழங்குவது, ஐந்து எழுத்துமுறைகளை வகுத்தது. அவற்றுள் கட்டளைப் பட்டியல் முறை 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கைவிடத்தக்கதாகக் குறிக்கப்பட்டது. ஏணிப் படமோ நிலைத்தது. பலர் வாசிக்கக் கூடிய எழுத்தே நீண்டு வாழ்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஆகவே நல்ல மாற்றம் கணினித் திரையில் தொடங்குவதில்லை. ஓய்வுபெறப் போகும் மூத்த மின்பணியாளரின் அருகே அமர்ந்து, ஒவ்வொரு படியாகக் காட்டி, ‘ஐயா, இது எதற்கு?’ என்று கேட்பதில் தொடங்குகிறது. அவர் சொல்வதை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும். அவர் போன பிறகு மூலத்தை எத்தனை முறை பெயர்த்தாலும் அந்த உரை திரும்பக் கிடைக்காது.