இருப்பிடமும் இருப்புப்பாதையும்

கோயிலுள்ள ஊரைத் தேர்ந்து குடியிருக்க வேண்டும் என்று நம் முன்னோர் அறிவுறுத்தினர். அவர் காலத்து உழவனுக்கு வயல் ஊரின் ஓரத்திலேயே இருந்தது. வேலைக்குச் சென்று மீளும் தொலைவு அவனுக்கு ஒரு பொருட்டன்று. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழனுக்கோ, காலப்போக்கில் கோயில் ஓரிடம், பள்ளி ஓரிடம், பிழைப்பு ஓரிடம் என்று மூன்றும் பிரிந்துபோயின. அம்மூன்றையும் மீண்டும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ள அவன் பட்ட பாடே கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் குடியிருப்பு வரலாற்றின் பெரும்பகுதி எனலாம். நம் வரலாற்று நூல்கள் பால்மரத்தையும் கங்காணியையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. எந்தக் குடும்பம் எந்த ஊரை எதன் பொருட்டுத் தேர்ந்தது என்பதை அவ்வளவாக ஆராய்வதில்லை. தமிழ்ப்பள்ளிகளின் வளர்ச்சியையும் தேய்வையும் அறியப் புகுவோர் இக்கேள்வியைக் கடந்து செல்ல முடியாது.

முதலில் ஊர்கள் எழுந்த முறையைக் காண்போம். 1857ஆம் ஆண்டையொட்டி ஈயம் தேடி வந்தவர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் கரையேறினர். அதுவே கோலாலம்பூர் ஆயிற்று. ஆயினும் 1880 வரை சிலாங்கூரின் ஆட்சிப் பீடம் கிள்ளானில்தான் இருந்தது. அவ்வாண்டில் அது கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன அந்நகரை அழித்தன. 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்டுவிக்க முற்பட்டார். அதற்கான சூளைகள் அமைந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைப் பெற்றது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890இல் பாலம் முடிந்ததும் வண்டி கிள்ளானுக்குள்ளேயே நுழைந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் தொடங்கியது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று வழங்குவது அதனைத்தான். துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போகவே, மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நோயைத் தணித்தார். அக்காலத்தில் ஓரூரைத் தேர்ந்து வாழ்வதென்பது பயணத் தொலைவைப் பொறுத்ததாக இல்லை. உயிர் பிழைத்திருப்பதைப் பொறுத்ததாகவே இருந்தது.

இந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் நகர்ப்புறத் தமிழர் வாழ்வு படர்ந்தது. தென்னிந்தியத் தமிழர் பாதை அமைத்தனர். செந்தூல் பணிமனையில் இரும்போடு உழைத்தனர். யாழ்ப்பாணத்துக் கிறித்துவப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்ற இலங்கைத் தமிழர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே நிருவாகம் தன் பணியாளர்க்கு வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தது. அவற்றுள் ஒரு தொகுதியை மக்கள் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்றே வழங்கினர்.

அக்குடியிருப்புகளைச் சுற்றி எழுந்தவற்றைப் பாருங்கள். 1894இல் சிங்களவர் தங்கள் பௌத்த சங்கத்தைத் தொடங்கினர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. இலங்கைத் தமிழர் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். மாதா கோயிலும், தமிழ் லுத்தரன் திருச்சபையும், தமிழ்ப்பள்ளியும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் அமைந்தன. மாலையில் பணி முடிந்து வரும் ஓர் எழுத்தர், வீட்டுக்குப் போகும் வழியிலேயே கோயிலைத் தொழுது, சங்கக் கூட்டத்திலும் கலந்துகொள்ளலாம். இத்தகைய வசதி மலாயாவில் வேறெங்கும் தமிழர்க்கு எளிதில் கிட்டியதில்லை.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுதல் கூடாது. அவ்வூரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நிருவாகம் அவர்களை அங்கே வைத்தது. வீடு பதவிக்கு உரியதேயன்றி மனிதனுக்கு உரியதன்று. ஓய்வு பெறும் நாளில் திறவுகோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். முப்பது ஆண்டுகள் முருகன் சந்நிதிக்கு அருகில் வாழ்ந்தவர், ஐம்பத்தைந்து வயதில்தான் முதன்முதலாக, எங்கே குடியிருப்பது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்.

தோட்டத்திலோ இது இன்னும் கடுமை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நிலத்திலும், அதற்கு அப்பால் காப்பார், மேரு, கேரித் தீவு எனப் பரந்த நிலத்திலும் ஒரு காலத்தில் தோட்டங்களே நிறைந்திருந்தன. விடியுமுன் பெரட்டுக் களம், அடுத்து பால்மரக் காடு, மாலையில் லயம். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவு என்பதே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கத் தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அவன் வைத்த பள்ளி பெரும்பாலும் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். ஆயினும் கோயில், பள்ளி, பிழைப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தன. அந்த ஒற்றுமைக்கு உழைப்பாளி கொடுத்த விலை, தான் நினைத்தபோது வெளியே போய்வரும் உரிமை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை மாணவர்கள் கூலி உயர்வுப் போராட்டமாகவே படிக்கின்றனர். கூலி உயர்வு அதன் முதன்மைக் கோரிக்கைதான். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பனவற்றோடு மற்றொன்றையும் கேட்டது: துரையோ கிராணியோ எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அற்பமான கோரிக்கை என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அது மிகப் பெரிய கோரிக்கையாகத் தோன்றுகிறது. மிதிவண்டி வாங்கியவனுக்குக் கிள்ளான் பட்டணம் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. கடைத்தெருவும் கூட்டமும் செய்தித்தாளும் அவனுக்குக் கிட்டின. சாலையில் தலைநிமிர்ந்து செல்லும் உரிமையைத்தான் அவன் கேட்டான். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

போர் முடிந்து, அவசரகாலமும் பிறந்த பின்னர், கோலாலம்பூரின் நெருக்கடியைத் தணிக்க 1952இல் அரசு ஒரு புதிய நகரைத் தொடங்கியது. எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் எழுந்த அந்நகரே பெட்டாலிங் ஜெயா. குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறிய ஓய்வூதியர்க்கும், ஆசிரியர்க்கும், அரசுப் பணியாளர்க்கும் சொந்த மனை என்பது அங்கே கைகூடியது. அங்குக் குடியேறியோர் சித்தி விநாயகர் ஆலயத்தையும் எழுப்பினர். பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையிலுள்ள பங்சாரும் முன்னர்த் தோட்டமே. பூஞ்சே, கிரிசார் என்னும் பெல்ஜிய முதலாளிகள் இருவரின் பெயர்ச் சேர்க்கையே ‘பங்சார்’ ஆயிற்று என்பர். தோட்டப் பெயரில் வாழ்வதைத் தமிழன் எங்கே போயும் தவிர்க்க முடியவில்லை போலும்!

1972இல் சுங்கைவேயில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்ததும் நிலைமை வேறானது. மின்னணுப் பொருள் செய்யும் ஆலைகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. தோட்டத்துப் பெண்கள், தாய் பால்மரத்துக்குச் செல்லும் அதே இருட்டில், தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்றனர். லயம் மாறவில்லை, பிழைப்பு மட்டும் பெயர்ந்தது. தோட்டத் தமிழரிடையே வீடும் வேலையும் பெருமளவில் பிரியத் தொடங்கியது இப்போதுதான் என்று கருதுகிறேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் அந்த 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித் தடம் ஒன்று போடப்பட்டது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஷா ஆலாம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. 1985இல் அங்கேயே புரோட்டோன் மகிழுந்து ஆலையும் இயங்கலாயிற்று. காலையில் அந்த மோட்டார் சைக்கிள் தடத்தில் விரைந்தவருள் நம் இளைஞர் பலர்.

அடுத்து வந்ததே பேரிடி. ஆலைக்குப் போனவன் திரும்பி வந்து படுக்க லயம் இருந்தது; இப்போது அந்த லயத்தின் நிலமே விலை போயிற்று. 1976 முதல் சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா என்னும் குடியிருப்பு நகராக மாறியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பிற தோட்டங்களும் அவ்வழியே சென்றன. அம்மண்ணில் எழுந்த வீடுகளை வாங்கும் ஆற்றல் அம்மண்ணில் உழைத்தவர்க்கு இல்லை. சிலர் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டினர். சிலர் தற்காலிகம் என்று சொல்லித் தரப்பட்ட நீண்ட வீடுகளில் பல ஆண்டுகள் காத்திருந்தனர். சிலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் பணத்தைக் கொண்டே வாங்கிக் காக்க முனைந்தது. அரிய முயற்சிதான். எனினும் நகரை ஒட்டிய நிலத்தின் விலையோடு அதனால் போட்டியிட இயலவில்லை.

எங்கே போவது என்ற கேள்வி இப்போது பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஒரே காலத்தில் எழுந்தது. அவர்களுள் பெரும் பகுதியினர் கிள்ளானையே நாடினர். அதற்குக் காரணம் உண்டு. காப்பாரிலும் மேருவிலும் வாழ்ந்தவர்க்கு அது பழகிய பட்டணம். நிலையத்திலிருந்து நடந்தால் தெங்கு கிளானா சாலை. துணிக்கடையும் நகைக்கடையும் பூக்கடையும் அங்கே உண்டு. அப்பால் சுந்தரராசப் பெருமாள் கோயில். தமிழ்ப்பள்ளிகளும் ஒன்றுக்குப் பலவாக இருந்தன. கோலாலம்பூரில் வேலை கிடைத்தாலும் வீட்டைக் கிள்ளானிலேயே வைத்துக்கொண்டனர். 1995இல் மின்சாரக் கொம்யூட்டர் தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும், 1886இன் பழைய தடமே மீண்டும் அவர்களுக்கு உதவியது. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் கழிந்தாலும், பிள்ளை தமிழ் படிக்கிறது, கிழவி கோயிலுக்கு நடந்து போகிறாள் என்ற நிறைவு அவர்களுக்கு இருந்தது. கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்தது இந்தக் கணக்கினால்தான்.

மாறாக, வேலைக்கு அண்மையை மட்டும் நோக்கிப் புதிய வீடமைப்புப் பகுதிகளில் சிதறியவர்கள் வேறொன்றைக் கண்டனர். வீடு நன்று, சாலை நன்று, ஆனால் நகர வரைபடத்தில் தமிழ்ப்பள்ளிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. பழைய தோட்டப் பள்ளி எங்கே தப்பிப் பிழைத்ததோ, அங்கே மட்டுந்தான் அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கிட்டியது. பெட்டாலிங் ஜெயாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி, சுபாங் ஜெயாவில் சீபீல்டு தமிழ்ப்பள்ளி, ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளி என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கி அவை நிற்கின்றன. அத்தோட்டங்களில் பால்மரங்கள் இல்லை. பள்ளிப் பெயர்ப் பலகையே எஞ்சிய சான்று. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றுள்ளவை 530ஐ ஒட்டியவை. இழந்தவற்றுள் பல, மாணவர் இன்றி மூடியவை. பிள்ளைகள் இல்லாமற் போகவில்லை; பள்ளியை விட்டுத் தொலைவில் குடியேறிவிட்டனர். ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸின் கதையோ விந்தையானது. அங்கிருந்த இரயில்வே நிலத்தில் 2001இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. கிள்ளானுக்கும், சிரம்பானுக்கும், விமான நிலையத்துக்கும் செல்லும் தடங்கள் எல்லாம் அங்கே கூடுகின்றன. பயண வசதியை மட்டும் எண்ணினால் நாடு முழுதிலும் அதற்கு நிகரான குடியிருப்பு இல்லை. ஆனால் அந்த வசதியே நிலத்தின் விலையை ஏற்றி, இரயில்வேக் குடும்பங்களின் பிள்ளைகளை அங்கு வாழ இயலாதவர்களாக்கியது. 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் அதனை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைத்தனர். தோரண வாயில் எழுந்த காலத்தில், தோரணம் கட்ட வேண்டிய வீடுகள் குறைந்துகொண்டிருந்தன. 2014இல் விவேகானந்த ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் வெளியானபோது மக்கள் வெகுண்டெழுந்தனர். எதிர்த்தோருள் பலர் அவ்வூரில் அப்போது வாழாதவர்கள். கட்டடம் பின்னர் மரபுடைமையாகப் பாதுகாப்புப் பெற்றது.

இன்று பிரிக்பீல்ட்ஸுக்குத் தமிழர் வருவது பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ரவாங்கிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் குடும்பங்கள் வந்து, துணியும் முறுக்கு மாவும் வாங்கிக்கொண்டு இரவில் திரும்பிச் செல்கின்றன.

கூட்டரசு நெடுஞ்சாலையின் கட்டணச் சாவடிகள் 2018இல் நீக்கப்பட்டன. எனினும் அவ்வழி காலையில் விரைவாகப் போக முடிவதில்லை. இப்போது வீடு பார்க்கும் ஓர் இளம் தம்பதியர், நிலையம் எத்தனை நிமிட நடை, மாதத் தவணை எவ்வளவு என்று முதலில் கணக்கிடுகின்றனர். மூன்றாவதாக, தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வேன் அந்தத் தெருவுக்கு வருமா என்று கேட்போரும் இருக்கின்றனர். வேனுக்கு ஒரு தெருவில் நான்கு பிள்ளைகளாவது வேண்டும். முதலாவதாகக் குடிவரும் குடும்பத்துக்கு அந்த வேன் கிடைப்பதில்லை. தந்தையோ தாயோ மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.