பொதுச் சுகாதார முதுகலை (எம்.பி.எச்.): சிங்கப்பெருமாள் கோவில் – தாம்பரம் வட்டாரம்

எம்.பி.எச். என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்படும் பொதுச் சுகாதார முதுகலை, ஓர் ஊரையே நோயாளியாக வைத்துப் படிக்கும் இரண்டாண்டுப் பட்டம். நோய்ப்பரவலியல், உயிரியல் புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதார நிர்வாகம் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். சென்னையின் தென்புறத்தில் இதைக் கற்பிக்கும் இடங்களில் ஒன்று காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி. அருகிலேயே பொத்தேரி ரயில் நிலையம். அங்கிருந்து செங்கல்பட்டு நோக்கி மூன்றாவது நிறுத்தம், பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோவிலால் பெயர் பெற்ற சிங்கப்பெருமாள் கோவில்.

பட்டத்தின் வரலாறு

மருத்துவத்திலிருந்து பொதுச் சுகாதாரத்தைப் பிரித்துத் தனிப் பள்ளியில் கற்பிக்கும் வழக்கத்துக்கு வலுவான அடித்தளம் இட்டது, ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் 1916-இல் நிறுவப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளி. அதே அறக்கட்டளையின் உதவியோடு 1932-இல் கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் வந்தது. அதன் பின்னும் நெடுங்காலம் இத்துறை டி.பி.எச். பட்டயமாகவோ எம்.டி. பட்டமாகவோ மருத்துவர்களின் கையிலேயே இருந்தது. இந்தியாவின் முதல் எம்.பி.எச். படிப்பை 1997-இல் திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம் தொடங்கியது. சென்னையில் 1999-இல் உருவான தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-இல் தொடங்கிய பயன்முறை நோய்ப்பரவலியல் முதுகலைக்கும் பட்டம் தந்தது அம்மையத்தின் தாய் நிறுவனமான ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமே.

சென்னை மாகாணத்துக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் முதலில் இயற்றப்பட்ட முழுமையான சட்டம் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். மருத்துவமனைகளைச் சாராத தனி இயக்குநரகமும் தனி அலுவலர் அணியும் இங்கு அதற்கு முன்பே இருந்தன. மற்ற மாநிலங்கள் இன்னும் வந்து பார்த்துப் போகும் ஏற்பாடு இது.

ரயில் பாதை ஓரத்துப் பாடநூல்

எம்.பி.எச். பாடநூல்களில் வரும் சான்றுகளில் சில, கடற்கரை – செங்கல்பட்டு மின்ரயில் செல்லும் பாதையோரத்திலேயே நிகழ்ந்தவை. கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நோய்த்தடுப்பு நிறுவனம் பெரியம்மைக்கு அம்மைப்பால் தயாரித்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரே அதற்கு இடப்பட்டது. அடுத்து தாம்பரம். இங்கிலாந்தில் காசநோய் இல்லம் நடத்திய டேவிட் சௌரிமுத்து 1928-இல் இங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அது அரசின் கைக்கு வந்தது. காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல உணவும்தான் அக்காலத்து மருந்து. ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் நிலைத்துவிட்டது.

அந்த மருந்தைக் கேள்விக்கு உள்ளாக்கிய ஆய்வும் சென்னையிலேயே நடந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் பாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் இருந்தனர், மற்றவர்கள் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் குணமானதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்து வைத்தது. தாம்பரத்து மருத்துவமனை மட்டும் மூடப்படவில்லை. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு அதற்கும் பேர்பெற்றது.

பாதையின் மறுமுனையில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் காக்ரேன், சால்மூக்ரா எண்ணெயைத் தவிர மருந்து கிடைக்காத நோய்க்கு 1940-களில் சல்போன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த முன்னோடி. 1947-இல் அவரைக் காண வந்த வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிய விரல்களைச் சீரமைக்கும் தம் வாழ்நாள் பணியை அங்கிருந்துதான் எடுத்துச் சென்றார். 1955-இல் இல்லத்தை ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம்.

இவை எல்லாவற்றிலும் பெரியது ‘செங்கல்பட்டு ஆய்வு’. பெயரைக் கண்டு செங்கல்பட்டு நகரில் தேடுவோர் ஏமாறுவர். ஆய்வு நடந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவள்ளூர்ப் பகுதியில். 1968 முதல் 1971 வரை 209 கிராமங்களிலும் 9 பேரூர்களிலும் ஏறத்தாழ 3,60,000 மக்களைக் கணக்கெடுத்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யோ வெறும் நீர்மமோ போட்டார்கள். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளிவந்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. 1999-இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கும் பெரும்பாலும் அதையே சொன்னது. மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் முன்னதாகவே உடலில் ஓரளவு எதிர்ப்பை உண்டாக்கியிருந்ததால் ஊசியின் பலன் வெளித்தெரியவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் கடும் காசநோயைத் தடுப்பதற்காக பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது. எதிர்பார்த்தது கிடைக்காத ஆய்வையும் மறைக்காமல் வெளியிட்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது. வகுப்பில் இதை ஒரு ஸ்லைடோடு கடந்துவிடுவது சரியல்ல.

சேர்க்கையும் களப்பணியும்

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம், உயிர் அறிவியல் எனப் பல பட்டதாரிகளும் சேரலாம். கிளினிக் வைத்த பல் மருத்துவரும் ஆய்வகத்திலிருந்து வந்தவரும் ஒரே பெஞ்சில் புள்ளியியலின் ‘பி மதிப்பு’ படிப்பார்கள். முதலாண்டில் வகுப்பே மிகுதி, இரண்டாமாண்டில் களப்பணியும் ஆய்வேடும். காட்டாங்கொளத்தூர் ஒன்றியம் இதற்கு வாய்ப்பான இடம். ஜி.எஸ்.டி. சாலையில் அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் நிற்க, சற்று உள்ளே போனால் ஏரிக்கரை ஊர்கள், துணை சுகாதார நிலையங்கள். மாணவர்க்கு உண்மையான வழிகாட்டி கிராமச் சுகாதாரச் செவிலியர், அவர் கூட வராவிட்டால் வினாத்தாளோடு நிற்பவரைப் பார்த்து “எந்த பேங்க்கிலிருந்து வர்றீங்க?” என்று ஊரார் கேட்பார்கள்.

இன்றைய நிலை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, போரூர் ராமச்சந்திரா ஆகியவற்றிலும் இப்படிப்பு உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.யாக இருக்கிறது. மாநிலச் சுகாதாரத் துறையின் உயர் பதவிகள் மருத்துவர்களுக்கே என்பதால், மற்றவர்கள் தேசிய நலவாழ்வுக் குழும ஒப்பந்தப் பணிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கும் செல்கின்றனர்.