எல்ஏ-2ஏ ஒலி அமுக்கி நகல்

எல்ஏ-2ஏ என்பது 1960களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட, வெற்றிடக் குழல்களால் (வால்வு) இயங்கும் ஒலி அமுக்கி (கம்ப்ரெசர்) ஆகும். இதன் மின்சுற்று வரைபடத்தைப் பின்பற்றி ஆர்வலர்கள் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் கருவி எல்ஏ-2ஏ நகல் எனப்படுகின்றது. நான்கு குழல்களே தேவைப்படுவதாலும், வரைபடம் கருவியின் கையேட்டிலேயே இடம்பெற்றிருப்பதாலும், பழைய குழல் அமுக்கிகளுள் வீட்டில் கட்டுவதற்கு ஏற்றதாக இது கருதப்படுகின்றது. எனினும் நகல் எந்த அளவுக்கு மூலக்கருவியை ஒத்து இயங்கும் என்பது குழல்களைவிட அதிலுள்ள ஒளிக்கலத்தையும் மின்மாற்றிகளையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

ஒலி அமுக்கியின் தேவை

ஒரு நிகழ்ச்சியில் கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வேறுபாடு இயங்கு வீச்சு எனப்படும். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களை ஒட்டி நடைபெறும் தெருக்கூத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். (இவ்வழிபாட்டைப் பற்றி ஆல்ப் ஹில்டபைட்டல் எழுதி 1988இல் வெளிவந்த ஆய்வுநூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சி இடம்பெற்றுள்ளது.) விடிய விடிய நிகழும் கூத்தில் கட்டியக்காரன் பேச்சு வழக்கில் மெல்லப் பேசுவதும், திரைக்குப் பின்னிருந்து வேடக்காரர் உரத்த குரலில் பாடித் தோன்றுவதும் அடுத்தடுத்து வரும். மெல்லிய பேச்சுக்கு ஏற்ப ஒலிப்பதிவுக் கருவியை அமைத்தால் உரத்த பாட்டு சிதையும். பாட்டுக்கு ஏற்ப அமைத்தால் பேச்சு இரைச்சலில் அமிழ்ந்துவிடும்.

இதனைச் சரிசெய்ய ஒலிப்பதிவாளர் கைத்திருகியை ஓயாமல் ஏற்றி இறக்க வேண்டும். அவ்வேலையைத் தானாகவே செய்யும் கருவியே ஒலி அமுக்கி. குறித்த அளவைத் தாண்டும் ஒலியை மட்டும் அது தாழ்த்துகின்றது. எடுத்துக்காட்டாக, 3:1 என்ற விகிதத்தில் இயங்கும் அமுக்கியில், எல்லையைத் தாண்டி 12 டெசிபெல் உயரும் ஒலி, வெளியீட்டில் 4 டெசிபெல் மட்டுமே உயரும்.

வரலாறு

எல்ஏ-2ஏ-யை வடிவமைத்தவர் ஜேம்ஸ் லாரன்ஸ் என்ற பொறியாளர். இவர் கலிபோர்னியா மாநிலம் பாசடீனாவில் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்தை நடத்தினார். வானொலி நிலையங்களில் ஒலிபரப்பு அளவு மீறாமல் காப்பதே இக்கருவியின் முதல் நோக்கம். பின்னர் குரலையும் பேஸ் கிதாரையும் பதிவு செய்ய இசைப்பதிவுக் கூடங்கள் இதனை விரும்பி ஏற்றன. 1960களின் பிற்பகுதியில் இதன் உரிமை ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னமின் நிறுவனத்துக்கு மாறியது. டிரான்சிஸ்டர் கருவிகள் பரவியதும் உற்பத்தி நின்றது. 1999இல் புட்னமின் மக்கள் மீண்டும் தொடங்கிய யுனிவர்சல் ஆடியோ நிறுவனம் இதனைத் திரும்பவும் தயாரிக்கலாயிற்று.

அக்காலத்தின் மற்றொரு புகழ்பெற்ற குழல் அமுக்கியான பேர்சைல்டு 670-இல் 20 குழல்களும் 14 மின்மாற்றிகளும் உள்ளன. அதனை வீட்டில் கட்டுவது மிகுந்த செலவும் உழைப்பும் கோரும் பணியாகும். எல்ஏ-2ஏ நகல்கள் மிகுதியாகக் கட்டப்படுவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்.

செயற்படும் முறை

உள்ளீட்டு மின்மாற்றியைக் கடந்து வரும் ஒலிக்குறிகை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதி பெருக்கப்பட்டு வெளியே செல்லும். மற்றொன்று கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்லும். முதற்பாதையில் 12ஏஎக்ஸ்7, 12பிஎச்7 ஆகிய குழல்களும், கட்டுப்பாட்டுப் பாதையில் மற்றொரு 12ஏஎக்ஸ்7, 6ஏக்யூ5 ஆகியனவும் பணிபுரிகின்றன.

கருவியின் உயிர்நாடி டி4 எனப்படும் ஒளிக்கலம். ஒளி புகாத சிறு உறையினுள் மின்னொளிர் தகடு ஒன்றும், அதனை நோக்கியவாறு காட்மியம் சல்பைடால் ஆன இரு ஒளிமின்தடைகளும் இருக்கும். 6ஏக்யூ5 தரும் ஒலிக்குறிகையால் தகடு ஒளிர்கின்றது. ஒலி உரக்க, ஒளி கூடும். ஒளி கூட, ஒளிமின்தடையின் தடை குறையும். ஒரு தடை ஒலிப்பாதையிலும், மற்றொன்று அளவுமானியை இயக்குவதிலும் பயன்படுகின்றது.

ஒலிப்பாதையில் ஒரு நிலையான மின்தடையும் ஒளிமின்தடையும் சேர்ந்து மின்னழுத்தப் பிரிப்பியாக அமைகின்றன. இரண்டும் சமமாக இருக்கும்போது குறிகை பாதியாகின்றது, அதாவது ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகின்றது. ஒளிமின்தடை நிலையான தடையில் ஒன்பதில் ஒரு பங்காகும்போது குறிகை பத்தில் ஒன்றாகி 20 டெசிபெல் குறைகின்றது. குறிகை எந்தக் குழலின் பெருக்கத்தையும் மாற்றாமல் ஒளியாலேயே தாழ்த்தப்படுவதால் திரிபு குறைவாக இருக்கின்றது.

ஒளிமின்தடை இருளுக்கு உடனே திரும்புவதில்லை. தயாரிப்பாளரின் கையேட்டின்படி, தாழ்த்தப்பட்ட அளவில் பாதி 0.06 வினாடியில் மீள்கின்றது. முழுவதும் மீள 0.5 முதல் 5 வினாடி வரை ஆகின்றது. எவ்வளவு நேரம், எவ்வளவு ஒளி பட்டது என்பதற்கேற்ப இந்நேரம் மாறும். கருவியின் இயல்பான மென்மைக்கு இந்த 'நினைவே' காரணமாகும்.

உறுப்புகளும் அவை கிடைக்குமிடமும்

12ஏஎக்ஸ்7 குழல் இன்றும் சில நாடுகளில் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றது. ஐரோப்பாவில் இதன் பெயர் ஈசிசி83. 6ஏக்யூ5 பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தே பெறப்படுகின்றது. இந்தியாவில், 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பெங்களூரில் வானொலிப் பெட்டிகளுக்கான குழல்களைத் தயாரித்து வந்தது. அவ்வுற்பத்தி நின்றுவிட்டபோதிலும், அதன் குழல்கள் பழைய வானொலிப் பெட்டிகளிலும் பழுதுபார்ப்போரிடமும் காணப்படுகின்றன. மின்தடை, மின்தேக்கி, கம்பி, பற்றாசு முதலியவற்றை வாங்கத் தமிழ்நாட்டில் பலரும் நாடுவது சென்னை ரிச்சி தெருவை.

உள்ளீட்டு, வெளியீட்டு மின்மாற்றிகளே செலவு மிகுந்தவை. மலிவான மாற்றுகளில் தாழ்சுருதி ஒலிகள் மெலிந்தோ திரிந்தோ கேட்கும். மின்வழங்கு மின்மாற்றியை வாங்குமுன் அதன் முதன்மைச் சுருள் 230 வோல்ட், 50 ஏர்ட்சு வழங்கலுக்கு உரியதா எனப் பார்த்தல் வேண்டும். 115 வோல்ட்டுக்கு மட்டும் சுற்றப்பட்ட அமெரிக்க மின்மாற்றியை இங்கு நேரடியாக இணைத்தால் அது எரிந்துவிடும்.

ஒளிக்கலத்தை ஒளியுமிழ் இருமுனையமும் (எல்இடி) ஒளிமின்தடையும் கொண்டு செய்துகொள்வோரும் உளர். ஆனால் மின்னொளிர் தகடு மாறுமின்னழுத்தத்தால் நேரடியாக ஒளிர்வது. அதன் ஒளி மின்னழுத்தத்தோடு அதிர்வெண்ணையும் பொறுத்து மாறும். எல்இடி-க்குக் குறிகையை நேர்மின்னாக்கித் தர வேண்டும். எனவே இரண்டும் ஒரே விதமாக இயங்குவதில்லை. மேலும், 2006 சூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுப் பொருள்களில் காட்மியம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளமையால், நல்ல ஒளிமின்தடைகளைத் தேடிப் பெறவேண்டியுள்ளது.

கட்டும்போது நேரும் குறைகள்

* உறுமல்: குழலிழைக்கு 6.3 வோல்ட் மாறுமின்னைக் கொண்டுசெல்லும் கம்பிகளை இறுக முறுக்கிக் கூட்டின் ஓரமாகக் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளீட்டு மின்மாற்றியை மின்வழங்கு மின்மாற்றியிலிருந்து இயன்ற அளவு விலக்கி வைக்க வேண்டும். நில இணைப்புகள் அனைத்தும் ஒரே புள்ளியில் சேர்வது நன்று.
* ஒளிக்கசிவு: ஒளிக்கலத்தின் உறையில் சிறு துளை இருந்தாலும் அறை வெளிச்சம் புகுந்து, குறிகை இல்லாதபோதும் ஒலியைத் தாழ்த்தும்.
* முதுமை: மின்னொளிர் தகடு பயன்பாட்டால் மங்கும். அப்போது அதே அளவு அமுக்கத்துக்குக் கட்டுப்பாட்டுத் திருகியை மேலும் ஏற்ற வேண்டியிருக்கும்.
* பொருந்தாமை: இருவழி ஒலிக்கு (ஸ்டீரியோ) இரண்டு கருவிகளை இணைக்கும்போது ஒளிக்கலங்கள் ஒத்திராவிட்டால் ஒலி ஒரு பக்கமாகச் சாயும்.

பாதுகாப்பு

இக்கருவியினுள் 250 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உள்ளது. இது உயிரைப் போக்க வல்லது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். எனவே மின்தேக்கிகளுக்குக் குறுக்கே வடிகால் மின்தடை ஒன்றை நிலையாகப் பொருத்துவதோடு, ஒவ்வொரு முறையும் அளவுமானியால் சோதித்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். உலோகக் கூடு மூன்றுமுனைச் செருகியின் வழியே நிலத்துடன் இணைக்கப்பட்டிருத்தல் கட்டாயம். உருகி (ப்யூஸ்) இன்றி இயக்கலாகாது. நெடுங்காலம் கிடந்த பழைய மின்பகு மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும் என்பதால் புதியனவற்றையே பயன்படுத்த வேண்டும். காட்மியம் நச்சுப்பொருள்; ஒளிமின்தடையை உடைப்பதோ எரிப்பதோ கூடாது. உயர்மின்னழுத்தப் பணியில் பழக்கமில்லாதவர் அனுபவமுள்ளவரின் துணையின்றி இதில் இறங்கலாகாது.

பயன்பாட்டின் எல்லை

அமுக்கியைக் குரலுக்குரிய ஒலிவாங்கியில் மட்டும் இணைப்பது நல்லது. கூத்து மேடையின் எல்லா ஒலியையும் ஒரே அமுக்கியின் வழியே செலுத்தினால், மத்தளத்தின் ஒவ்வோர் அடியும் பாடுபவரின் குரலையும் சேர்த்துத் தாழ்த்திவிடும். ஒலிபெருக்கி அமைப்பில் மிகுதியாக அமுக்கிப் பின்னர் பெருக்கினால், பேச்சு நிற்கும் இடைவெளிகளில் ஊளையொலி எழ வாய்ப்புண்டு.

ஆவணத்துக்காகப் பதிவு செய்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். அமுக்கிப் பதிந்த ஒலியிலிருந்து முதல் ஒலியை முழுமையாக மீட்க இயலாது. ஆகையால் அமுக்காத பதிவொன்றைத் தனியே காத்துவைத்து, அதன் படியொன்றை மட்டும் அமுக்கியின் வழியே செலுத்துவதே ஏற்ற முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* வெற்றிடக் குழல்
* ஒளிமின்தடை
* மின்மாற்றி
* தெருக்கூத்து
* செஞ்சி